கோடையில் தொட்டிச் செடிகள்: வெயில் பாதி, உப்பு பாதி

போன வருஷம் மே மாதம் எங்கள் மாடியில் இருந்த கறிவேப்பிலைச் செடி செத்துப் போனது. ஏழு வயசுச் செடி. அம்மா கையால் வைத்தது. முதலில் இலை நுனி காய்ந்தது, பிறகு ஓரமெல்லாம் பழுப்பானது, பதினைந்தே நாளில் குச்சியாக நின்றது. "கத்திரி வெயில் தின்னுடுச்சுடா, என்ன பண்றது" என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று அவரிடம் குறைபட்டுக்கூடக் கொண்டேன்.

இந்த வருஷம் மார்ச் கடைசியிலேயே பக்கத்துத் தொட்டி மல்லிச் செடியில் அதே அறிகுறி. இலை நுனி பழுப்பு. ஆனால் அப்போது கத்திரி தொடங்கவே இல்லை. பஞ்சாங்கக் கணக்குப்படி அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4-ல் ஆரம்பித்து 28-ல் முடியும். வெயில் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வெயில் எப்படிச் செடியைத் தின்னும்? அங்கேதான் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தில் தொடங்கி இரண்டு மாதமாகப் படித்ததும் மாடியில் செய்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு.

நாங்கள் இருப்பது புதுச்சேரியில், முத்தியால்பேட்டைப் பக்கம். கடல் நடக்கிற தூரம். வீட்டுக்கு போர் தண்ணீர்தான். மாடியில் இருபதுக்கும் மேல் தொட்டிகள். முட்டிவலி வந்தபின் அம்மா அதிகம் வெளியே போவதில்லை. காலையும் மாலையும் மாடிதான் அவருக்கு உலகம். அதனால் ஒரு செடி போனால் செடி மட்டும் போவதில்லை.

வாடல் மூன்று வகை

கோடையில் செடி வாடினால் உடனே கை போவது தண்ணீர்க் குவளைக்கு. ஆனால் மூன்று தனித்தனிக் காரணங்களால் இலை கெடும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, மதிய வாடல். பகல் ஒரு மணிக்குக் கத்திரிச் செடி, பூசணிக் கொடி எல்லாம் தலை தொங்கிப் போய் நிற்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே இது நடக்கும். இலை வழியாக நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேர் உறிஞ்சும் வேகம் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தானாக நிமிர்ந்துவிடும். அப்படி நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலையில் பார்க்கும்போதும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் உண்மையான தண்ணீர்ப் பற்றாக்குறை. சந்தேகம் இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது, வெயில் சுடுதல். நேராக வெயில் படும் இலையின் நடுப்பகுதியில் வெளிறிய திட்டு விழும், பிறகு அது காகிதம் மாதிரி காயும். நிழலில் இருக்கும் இலைகள் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது, உப்பு. இது நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். முதலில் முதிர்ந்த இலைகளில் வரும். வெயில் படுகிற இலை, படாத இலை என்று பார்க்காது. தொட்டியின் வெளிப்பக்கத்தில், மண்ணின் மேற்பரப்பில், அடித்தட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். எங்கள் மல்லித் தொட்டியில் இருந்தது இதுதான். கறிவேப்பிலைத் தொட்டியை எடுத்துப் பார்த்தேன். உள்விளிம்பு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

உங்கள் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. பத்து லிட்டர் தொட்டி ஒன்றுக்குக் கோடையில் தினம் ஒரு லிட்டர் ஊற்றுகிறீர்கள். அடியில் சொட்டாமல், அளவாக, சிக்கனமாக. அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது? கொஞ்சம் மண்ணிலிருந்து ஆவியாகிறது, மீதி இலை வழியாக ஆவியாகிறது. ஆவியாவது வெறும் நீர்தான். சத்தாகச் செடி எடுத்துக்கொள்வது சொற்பம். மற்ற உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்குகிறது.

அறுபது நாளில் 60 கிராம். பத்து லிட்டர் மண்ணில் நிற்கும் ஈரம் மூன்று லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 20 கிராம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதாவது ஏப்ரலும் மேயும் முடிவதற்குள் பாதிக் கடலைத் தொட்டிக்குள் கொண்டுவந்துவிடலாம், ஒரு பிடி உப்பைக்கூடக் கையால் போடாமலே.

நிஜத்தில் இவ்வளவு போகாது. ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடும், ஒரு பகுதி அவ்வப்போது அடியில் வடியும். ஆனால் போகும் திசை இதுதான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீருக்குத் தரும் வழிகாட்டி அளவில் 450-க்குக் கீழே கவலையில்லை, 450 முதல் 2,000 வரை கவனம் தேவை, அதற்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. நாம் குடிக்கலாம் என்று அனுமதித்திருக்கும் தண்ணீரே பயிருக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டிய தண்ணீர் என்பது எனக்குப் புதுச் செய்தி. நம் உடம்பு அதிக உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடும். தொட்டிக்கு அந்த வசதி அடியில் இருக்கும் ஓட்டை ஒன்றுதான்.

உப்பு செடியை என்ன செய்கிறது? கோடையில் வடுமாங்காய் போடுகிறோமே, அதுதான். உப்பில் போட்ட மறுநாளே மாவடு சுருங்கிவிடுகிறது, ஜாடியில் நீர் விடுகிறது. வெளியே உப்பு அதிகமானால் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. வேருக்கும் அதே கதி. மண்ணில் நீர் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. செடி வாடும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், அதோடு இன்னும் கொஞ்சம் உப்பையும்.

நான் செய்த புண்ணியம்

இங்கே ஒரு வாக்குமூலம். கறிவேப்பிலைக்கு அம்மா ஊற்றியது நான் தூக்கிக்கொண்டு போன தண்ணீரை.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு நீர் வெளியே போகிறது. வீணாகிறதே என்று மனசு கேட்காமல், அதை வாளியில் பிடித்து தினமும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று பெருமை வேறு.

இந்த ஏப்ரலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீர் 1,100 சொச்சம் காட்டியது. கழிவு நீர் 1,450. யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. நான்கு லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் மூன்று லிட்டருக்குள் வந்து சேர்கிறது. பாதிக்குப் பாதி பிரிக்கும் இயந்திரமாக இருந்தால் கழிவில் உப்பு இரட்டிப்பாகும். மல்லித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு குவளை ஊற்றி, அடியில் வடிந்ததைப் பிடித்து மீட்டரை வைத்தேன். நாலாயிரத்தைத் தாண்டியது.

அம்மாவிடம் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. அடித்தட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உவர் தண்ணி. இதுக்கு எதுக்குடா மிஷின்?" என்றார்.

டி.டி.எஸ். மீட்டர் எந்த உப்பு என்று சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினநீரும், சோடியம், குளோரைடு அதிகமுள்ள உவர்நீரும் ஒரே எண்ணைக் காட்டலாம். செடிக்கு இரண்டாவதுதான் அதிகக் கேடு. கடலோரத்தில் நமக்கு வாய்ப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆயி மண்டபம் சொல்வது

கடலோர ஊருக்கு நல்ல தண்ணீர் எப்போதுமே பிரச்சினைதான். பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் இல்லை. நகரத்துக்கு மேற்கே உள்ள முத்திரப்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852–1870) எழுந்தது அது. தன் வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் கதையும் அதோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையும் வீதியும் கடற்கரையில் கட்டினார்கள், தண்ணீரை மட்டும் உள்நாட்டிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது.

இன்றைக்கு நாம் போர் போட்டு ஆழத்திலிருந்து இழுக்கிறோம். நிலத்தடியில் நன்னீர் மட்டம் இறங்க இறங்க, கடல்நீர் அந்த இடத்துக்குள் நகரும். கடலை ஒட்டிய தெருக்களில் தண்ணீரின் ருசி மாறுவது அதனால்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும்போது தொட்டிகளையும் கழுவிவிடுகிறது. ஜனவரியிலிருந்து மறுபடி உப்பு சேர ஆரம்பிக்கிறது. மே மாதம் சாகும் செடியின் கதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது.

இப்போது நாங்கள் செய்யும் வேலைகள்

*தண்ணீர் ஊற்றுவது.* காலை ஏழு மணிக்குள் ஒரே முறை, நிறைய. அடியில் வடியும் வரை. ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே வர வேண்டும். அம்மா முன்பு காலை ஒரு சொம்பு, மாலை ஒரு சொம்பு என்று ஊற்றுவார். அது மேல் மண்ணை மட்டும் நனைத்து உப்பை உள்ளேயே விட்டுவிடும். சின்னத் தொட்டிகளுக்குக் கத்திரியில் சாயங்காலமும் தேவைப்படலாம், விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வடிந்த தண்ணீரைத் தட்டில் நிற்க விடக்கூடாது. மண் அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொசுவும் முட்டை போடும்.

*கழுவி விடுவது.* பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீரை மெதுவாக, நாலைந்து தவணையாக ஊற்றுகிறோம். மண்ணின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு ஆழத் தண்ணீர் உள்ளே இறங்கி வெளியேறினால், சேர்ந்த உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும் என்பது வயல்களுக்கான பழைய பாசன விதி. தொட்டிக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். ஊற்றும் தண்ணீரில் இருக்கும் உப்பைவிடக் கீழே கொண்டுபோக முடியாது, ஆனாலும் நாலாயிரத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருவது செடிக்குப் பெரிய விடுதலை. இதற்கு முன் மேற்பரப்பில் பூத்திருக்கும் வெள்ளையை ஒரு விரல் கனத்துக்கு வழித்து எடுத்துவிடுங்கள்.

*ஏ.சி. தண்ணீர்.* இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு என்று பீற்றிக்கொள்ள ஆசை, ஆனால் பலரும் செய்வதுதான். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மீட்டரில் வைத்தால் இரண்டு இலக்க எண்தான் வந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு ராத்திரிக்கு முக்கால் வாளி கிடைக்கிறது. நுனி கருகிய செடிகளுக்கு அதை முதலில் கொடுக்கிறோம். குடிக்க ஆகாது. உலோகக் குழாய் மேல் படிந்து வரும் தண்ணீர் என்பதால் பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் நாங்கள் ஊற்றுவதில்லை. மல்லி, செம்பருத்தி, குரோட்டன்ஸுக்கு அருமை.

*சமையலறைத் தண்ணீர்.* அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. முதல் கழுவல் சரி. கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியது வேண்டவே வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம். சலவைத்தூளில் பெரும்பகுதி சோடியம் உப்புகள்தான்.

*உரம்.* ரசாயன உரமும் உப்புதான். கத்திரியில் செடி திணறும்போது டி.ஏ.பி. ஒரு ஸ்பூன் போட்டால் தேறும் என்று போடாதீர்கள். மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவிய பின் பயன்படுத்துங்கள். கழுவாததில் உப்பு நிறைய இருக்கும்.

*இடம் மாற்றுவது.* எங்கள் மல்லித் தொட்டிகள் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உள்பக்கம் இருந்தன. ஜனவரியில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மூன்றடிச் சுவரின் நிழல் அப்போது மதியத்தில் ஏறக்குறைய இரண்டடி உள்ளே விழும். நல்ல இடம் என்று அங்கேயே விட்டுவிட்டோம். ஆனால் புதுச்சேரி இருப்பது பன்னிரண்டு டிகிரி வடக்கே. ஏப்ரல் 21-ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளையில் வடக்கே நிற்கிறது. அந்தச் சுவரின் நிழல் மே மாதம் தெருவில் விழுகிறது, தொட்டியில் இல்லை. போதாக்குறைக்குச் சுவரின் சூடும் சேர்ந்துகொள்கிறது.

எனவே எல்லாவற்றையும் மாடிப்படி அறையின் கிழக்குப் பக்கம் நகர்த்தினோம். காலை வெயில் கிடைக்கும், ஒரு மணிக்கு மேல் நிழல். இன்னொரு லாபமும் உண்டு. தமிழில் கோடை என்றால் வெயில் காலம் மட்டுமல்ல, மேல்காற்றுக்கும் அதுதான் பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. மே மாதம் நிலத்தின் மேல் காய்ந்து வரும் அந்த மேல்காற்றுதான் இலையிலிருந்து நீரை உறிஞ்சுவது. கடல்காற்று மதியத்துக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம், தாமதமானால் அன்றைக்கு அடுப்புதான். கிழக்குப் பக்கம் வைத்தால் மேல்காற்றைச் சுவர் தடுக்கிறது, கடல்காற்று நேராக வந்து தொடுகிறது. பசுமை நிழல்வலை கட்டுபவர்கள் தலைக்கு மேல் மட்டும் கட்டாமல் மேற்குப் பக்கமும் தொங்கவிடுங்கள்.

*மூடாக்கு.* தேங்காய் மட்டை, காய்ந்த இலை, எது கிடைத்தாலும் மண்மேல் இரண்டு அங்குலம் போடுங்கள். ஆவியாவது குறைந்தால் ஊற்றும் தண்ணீர் குறையும், உப்பும் குறையும். கறுப்பு வளர்ப்புப் பைகளின் வெளியே பழைய கோணிச்சாக்கையோ வெள்ளைத் துணியையோ சுற்றுங்கள். மண்ணின் சூடு 40 டிகிரியை நெருங்கும்போதே பெரும்பாலான செடிகளின் வேர்கள் திணறத் தொடங்கிவிடும்.

*செய்யாமல் இருப்பது.* கத்திரியில் தொட்டி மாற்ற வேண்டாம், பெரிதாகக் கவாத்து செய்ய வேண்டாம். மல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசியில். இப்போது பூக்கும் காலம், தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. புதிதாக விதைக்க நினைப்பவர்கள், தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் பீன்ஸ், வெங்காயம், மிளகாயைத் தவிர்த்துக் காராமணி, பீட்ரூட் மாதிரி உப்பைத் தாங்குபவற்றைப் பாருங்கள். தக்காளி நடுத்தரம்.

கோடை மழை ஒன்று வந்தால் தொட்டிகளை உள்ளே இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் யாரும் தர முடியாது.

மல்லி என்ன ஆனது

இரண்டு முறை கழுவி விட்டு, மூன்று வாரம் ஏ.சி. தண்ணீர் கொடுத்தபின், வடிநீர் ஆயிரத்து முந்நூறுக்கு வந்தது. கருகிய இலை மறுபடி பச்சை ஆகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் புதிதாக வந்த துளிர்கள் நுனி வரை பச்சையாக இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை பத்துப் பன்னிரண்டு மொக்கு பறித்து அம்மா சாமி படத்துக்கு வைத்தார்.

ஆர்.ஓ. கழிவு நீர் இப்போது தரை துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது. அதுவும் சேமிப்புதான். போன வருஷம் அம்மாவிடம் குறைபட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன தெரிஞ்சா பண்ணே, விடு" என்று சொல்லிவிட்டார். புதுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கி வந்து பத்து நாள் ஆகிறது. இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றவில்லை. கத்திரி முடியட்டும், ஒரு மழை விழட்டும் என்று அம்மா நிறுத்தி வைத்திருக்கிறார். அதுவரை கிழக்குப் பக்க நிழலில், நர்சரிப் பையோடு நிற்கிறது.